பிடிவாரண்ட் இருக்கிறதாம், ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிடலாமா?

டெக்சஸில், டாலஸை ஒட்டிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் எச்-1பி வேலை விசாவில், இவர் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில், வேலை அனுமதி வாங்கி ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். இரண்டு வருடம் முன்பு காலையில் பையனைப் பள்ளியில் விடப் போகும்போது, 20 மைல் வேகம் மட்டுமே அனுமதித்த பள்ளிப் பகுதியில் 34-ல் போனதாக நகரப் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. இன்சூரன்ஸ் கார்டு கேட்டிருக்கிறார்கள், செல்போனில் இருந்தது தேதி முடிந்த பழைய கார்டு, புதியது கணவரின் இமெயிலில். ஆக வேகத்துக்கு ஒன்று, இன்சூரன்ஸ் இல்லை என்று ஒன்று, இரண்டு டிக்கெட். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். காகிதம் காரின் டேஷ்போர்டுக்குள் போனது, அந்த மாதமே வீடு மாறினார்கள், மறந்தும் போனது. இப்போது விசா அந்தஸ்து நீட்டிப்புக்கான ஒப்புதல் கடிதம், புது ஐ-797, வந்ததும் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால், "உங்கள் பெயரில் நகர கோர்ட்டில் வழக்கு நிற்கிறது, புதுப்பிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். வந்து கோர்ட்டின் தளத்தில் தேடியதில் மூன்று வழக்கு, மூன்றுக்கும் வாரன்ட், மொத்தம் 1,100 டாலர் சொச்சம் என்று காட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு அதே வாரத்தில் ஒரு ஃபோன்: "ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், 1,800 டாலருக்கு கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஆள் வரும்."

கணவர் சொல்வது: ஆன்லைனில் சத்தமில்லாமல் கட்டி முடித்துவிடலாம். கணவரின் நண்பர் சொல்வது: கோர்ட் பக்கமே போகாதே, வாசலிலேயே விலங்கு மாட்டிவிடுவார்கள், இப்போது இருக்கும் குடியேற்றச் சூழலில் வம்பை விலைக்கு வாங்காதே, ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் தம்பி கல்யாணத்துக்குச் சென்னை போக வேண்டும், அங்கேயே விசா ஸ்டாம்பிங். "தூங்கி மூன்று வாரம் ஆகிறது, என்னைக் கைது செய்வார்களா, ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா, எது சரி?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, இருவர் சொன்னதுமே தப்பு. நண்பர் சொன்னது எல்லோருக்கும் தப்பாகப் படும், கணவர் சொன்னது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது, அதனால் அதுதான் ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் வழக்கின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். டெக்சஸில் நகர கோர்ட்டுகள் விசாரிப்பவை பெரும்பாலும் கிளாஸ் சி குற்றங்கள், அபராதம் மட்டுமே தண்டனை, தீர்ப்பாகச் சிறை கொடுக்க முடியாது. இது உங்களுக்கு நிம்மதி தர வேண்டிய விஷயம். ஆனால் "சிறைத் தண்டனை இல்லாத குற்றத்துக்கு எப்படிக் கைது செய்வார்கள்" என்று நம்மவர்கள் அடிக்கடி வாதம் பண்ணுவதைப் பார்க்கிறேன், அந்த வாதம் நிற்காது. இதே டெக்சஸில் லாகோ விஸ்டா என்ற சின்ன ஊரில் 1997-ல் கெயில் அட்வாட்டர் என்ற தாய், தானும் பிள்ளைகளும் சீட் பெல்ட் போடாததற்காக விலங்கிடப்பட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார். அதிகபட்ச அபராதமே 50 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2001-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தக் கைது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்பு வந்தது. அங்கே வாரன்ட்கூட இல்லை. உங்கள் விஷயத்தில் நீதிபதி கையெழுத்திட்ட வாரன்டே இருக்கிறது. பின்விளக்கு எரியவில்லை என்று யாராவது நிறுத்தினால் போதும்.

இன்னொன்று, டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டோமோ என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்தக் கையெழுத்துக்கு "இந்தத் தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன்" என்ற வாக்குறுதி என்றுதான் அர்த்தம். அந்த வாக்கைக் காப்பாற்றாததுதான் மூன்றாவது வழக்கு. இரண்டு டிக்கெட் வாங்கினேன், மூன்று காட்டுகிறதே என்று குழம்பியிருக்கிறீர்களே, அது இதுதான், ஆஜராகத் தவறிய குற்றம். அதுவும் அபராதம் மட்டுமே உள்ள வகைதான்.

எனக்கு நோட்டீஸே வரவில்லை என்கிறீர்கள், உண்மையாகவே இருக்கும். 2017-ல் டெக்சஸில் சட்டத்தைத் திருத்தினார்கள், முதல் தேதிக்கு வராதவர் மேல் உடனே வாரன்ட் போடக் கூடாது, ஃபோனிலோ சாதாரண தபாலிலோ இன்னொரு தேதி கொடுத்து, முழுப் பணமும் கட்ட முடியாவிட்டால் என்ன வழி என்பதையும் சொல்லி நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் போடலாம். உங்களுக்கும் அனுப்பியிருப்பார்கள், பழைய அப்பார்ட்மென்ட்டுக்கு. வீடு மாறினால் 30 நாளில் லைசென்ஸ் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? கூடவே இதையும் கேட்டுக்கொள்கிறேன்: குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றப் படிவம், ஏஆர்-11, போட்டீர்களா? அதற்குக் கெடு 10 நாள்தான். போடவில்லை என்றால் இன்றே போட்டுவிடுங்கள், ஆன்லைனில் பத்து நிமிட வேலை, காசு இல்லை.

அந்த ஃபோன்

அது மோசடி, சந்தேகமே வேண்டாம். உங்களிடம் உண்மையாகவே வாரன்ட் இருப்பது வேறு விஷயம், அவன் குருட்டாம்போக்கில் ஆயிரம் பேருக்கு அடித்ததில் உங்களுக்கும் அடித்திருக்கிறான். எந்த கோர்ட்டும், எந்த ஷெரிஃப் ஆபீஸும் கிஃப்ட் கார்டு, பிட்காயின், ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் செயலி மூலம் அபராதம் வாங்குவதில்லை. திரையில் தெரிந்த நம்பர் நிஜமான ஷெரிஃப் ஆபீஸ் நம்பராக இருந்தது என்கிறீர்கள், அதைப் போலியாகக் காட்டுவது அவர்களுக்குச் சுலபம். அந்த நம்பருக்குத் திருப்பி அடிக்காதீர்கள். கோர்ட்டின் நம்பரை நகராட்சியின் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களாக எடுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும், 29 டாலர் கொடுத்தால் உங்கள் வாரன்டைச் சொல்கிறோம் என்கிற தனியார் தளங்களும் வேண்டாம், பழைய தகவலை விற்பார்கள்.

எங்கே தேடுவது, எந்தப் பெயரில் தேடுவது

நீங்கள் ஒரு நகரத்தின் தளத்தில் மட்டும் தேடியிருக்கிறீர்கள். அந்தத் தளம் அந்த நகரத்தின் வழக்குகளைத்தான் காட்டும். டாலஸ் பக்கம் ஒரு சிக்னலைத் தாண்டினால் ஊர் மாறிவிடுகிறது, இர்விங்கில் ஆரம்பித்துக் கொப்பெலில் முடியும் தெரு உண்டு. எங்கே நிறுத்தினார்கள் என்பதைவிட யார் நிறுத்தினார்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நகரப் போலீஸ் எழுதிய டிக்கெட் நகர கோர்ட்டுக்குப் போகும், மாநிலப் போலீஸான ட்ரூப்பரோ ஷெரிஃப் ஆளோ கவுன்ட்டி கான்ஸ்டபிளோ எழுதியது கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) உள்ள ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற சிறு வழக்கு கோர்ட்டுக்குப் போகும். லைசென்ஸைத் தடுத்து வைப்பதற்கென்று டெக்சஸில் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது, ஆம்னி என்பார்கள், அதில் சேர்ந்திருக்கும் கோர்ட்டுகள் ஆஜராகாதவர்களின் பெயரை மாநிலத்துக்குத் தெரிவித்துவிடும், லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டு அந்தப் பட்டியலை நீங்களே பார்க்கலாம். வேறு ஊரில் ஏதாவது மறந்து கிடந்தால் அதில் அகப்படலாம். எல்லா கோர்ட்டும் அதில் இல்லை என்பதால் அதில் பெயர் வராததையே சுத்தமான கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் விஷயம் நமக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும், அல்லது சர்நேமே காலியாக இருந்து விசாவில் முதல் பெயரின் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டிருப்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சில ஆவணங்களில் ஏறியிருக்கும், சிலவற்றில் ஏறியிருக்காது. டிக்கெட் எழுதிய போலீஸ்காரர் எதை முன்னால் போட்டாரோ அதுதான் கோர்ட்டின் கணினியில் இருக்கும். அதனால் பெயரை முன்னும் பின்னும் மாற்றி, அப்பா பெயர், கணவர் பெயர் என்று எல்லா விதத்திலும் தேடுங்கள், முடிந்தால் லைசென்ஸ் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எழுத்துப் பிழையோடு பதிந்திருந்தால் அதைத் திருத்தும்படி கிளார்க்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்த பிறகு வாங்கும் சான்றும் அதே தப்பான பெயரில் வந்து சேர்ந்தால், பின்னால் கிரீன் கார்டு சமயத்தில் இது நான்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

ஏழு வருடம் ஆனால் தானாகக் காலாவதியாகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது கடன் பாக்கி பற்றி எங்கோ கேட்டதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டியது. இந்த வாரன்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. வசந்த காலத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், டெக்சஸ் நகரங்கள் பல சேர்ந்து வாரன்ட் வேட்டை நடத்துவது வழக்கம், முதலில் தபால் வரும், அப்புறம் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் ஆள் வரும். உங்களுக்கோ தபால் பழைய வீட்டுக்குப் போகும்.

போனால் பிடித்து வைத்துக்கொள்வார்களா

அதே 2017 திருத்தத்தில் உங்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது, இதுதான் நண்பருக்குத் தெரியாதது. ஆஜராகத் தவறியதற்காகப் போட்ட வாரன்டில் உங்களைப் பிடிப்பதற்கு முன்னால், நீங்களாகவே கோர்ட்டுக்கு வந்து, அதைச் சரிசெய்ய நல்லெண்ணத்தோடு முயற்சி எடுத்தால், நீதிபதி அந்த வாரன்டை ரீகால் செய்தே, அதாவது திரும்பப் பெற்றே, ஆக வேண்டும். செய்யலாம் என்று இல்லை, செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல நகர கோர்ட்டுகள் தாமாக வருபவரைக் கைது செய்வதில்லை என்று தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன, சேஃப் ஹார்பர் என்று தேடினால் கிடைக்கும். வாரத்தில் சில நாள் அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே நீதிபதியைப் பார்க்கும் நேரமும் பல இடங்களில் உண்டு, சில இடங்களில் வீடியோவிலேயே முடித்துவிடுகிறார்கள். ஃபோன் செய்து கேளுங்கள்.

இந்தப் பாதுகாப்பு நீங்கள் பிடிபடும் வரைதான். ரோட்டில் நிறுத்தப்பட்ட பிறகு "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகலாம் என்றுதான் இருந்தேன்" என்பது யாருக்கும் பிரயோஜனமில்லை. அதோடு இது அபராத வகை வழக்குகளுக்குத்தான், கவுன்ட்டியில் அதைவிடப் பெரிய வழக்கு ஏதாவது நின்றால் இந்தக் குடை அதற்கு விரியாது. வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்களும் இதை அப்படியே நம்பிக் கிளம்ப வேண்டாம், அங்கெல்லாம் சட்டம் வேறு, முதலில் அந்த ஊர் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

குடியேற்ற அதிகாரிகள் பற்றிய பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியிலிருந்து கோர்ட் வளாகங்களில் அவர்கள் கைது செய்வதற்கு இருந்த பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன. ஆனால் செல்லுபடியாகும் எச்-4-ல் இருக்கும் உங்களுக்கு அது ஒதுங்கி நிற்கக் காரணம் ஆகாது. நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94-ன் அச்சுப் பிரதி, ஐ-797, பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும், ஐ-94 எப்படியும் கூடவே வைத்திருக்க வேண்டியதுதான். அந்தஸ்து முடிந்துபோனவர், நீட்டிப்பு மறுக்கப்பட்டவர் என்றால் என் பதில் வேறு, அவர் முதலில் குடியேற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும்.

ஒன்று கட்டாயம். லைசென்ஸ் போன வாரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டுக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கணவர் ஓட்டட்டும், இல்லை ஊபர் பிடியுங்கள். காலையில் மூன்று வழக்கை முடிக்கக் கிளம்பி நான்காவதை வாங்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. நம் போன்றோருக்கு டெக்சஸில் லைசென்ஸ் விசா அந்தஸ்தின் தேதியோடு சேர்ந்தே முடிவதால், இந்தத் தடை மற்றவர்களைவிட நமக்குச் சீக்கிரம் வந்து இடிக்கிறது.

கட்டினால் என்ன ஆகும்

இப்போது கணவரின் யோசனை. பணம் கட்டினால் வாரன்ட் போகும், லைசென்ஸ் தடையும் போகும், அதெல்லாம் உண்மை. ஆனால் டெக்சஸ் சட்டப்படி டிக்கெட்டுக்கு அபராதம் கட்டுவது என்பது "எதிர்த்து வாதாடவில்லை" என்று சொல்லிக் குற்றத் தீர்ப்பை வாங்கிக்கொள்வதற்குச் சமம். ஆன்லைனில் அந்தப் பொத்தானை அழுத்துகிற நொடியில் மூன்று தீர்ப்பு உங்கள் பெயரில் ஏறிவிடும்.

அதில் ஒன்று உங்கள் மேல் இருக்கவே கூடாத வழக்கு. டிக்கெட் எழுதிய அன்று உங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தது, கார்டுதான் கையில் இல்லை. அன்றைய தேதியில் அந்தக் காருக்கு, உங்களுக்குச் செல்லுபடியாகும் பாலிசி இருந்தது என்று காட்டினால் கோர்ட் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. இதற்கு வாதம் தேவையில்லை, ஒரு காகிதம் தேவை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, அந்தக் குறிப்பிட்ட தேதிக்கான உறுதிக் கடிதம் வாங்குங்கள், காரின் அடையாள எண்ணும் (வின்) உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் பாலிசி இருந்து நீங்கள் ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இன்றைய கார்டைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அதற்கு மதிப்பில்லை. இதைச் செய்யாமல் கட்டிவிட்டால் முதல் தடவைக்கே 175 முதல் 350 டாலர் அபராதம், கோர்ட் செலவு தனி, அதைவிட மோசம், இன்னொரு முறை இதே குற்றத்தில் மாட்டினால் லைசென்ஸ் முடக்கம். 2019 செப்டம்பர் வரை இதற்கு மேல் மூன்று வருடம், வருடத்துக்கு 250 டாலர் என்று ஒரு கூடுதல் தண்டமும் இருந்தது, நல்லவேளை அதை ஒழித்துவிட்டார்கள்.

வேக டிக்கெட்டுக்கு டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு எடுத்துத் தள்ளுபடி வாங்கும் உரிமை உங்களுக்கு இருந்தது, முதல் கெடு தேதிக்குள் கேட்டிருந்தால். இப்போது அது உரிமையாக இல்லை, ஆனால் தீர்ப்பு ஆகும் முன்பு நீதிபதி மனது வைத்தால் அனுமதிக்கலாம். லிமிட்டைவிட 25 மைலோ அதற்கு மேலோ போயிருந்தால் கதை வேறு, நீங்கள் போனது 14. அது கிடைக்காவிட்டால் டிஃபர்டு டிஸ்பொசிஷன் கேளுங்கள்: செலவைக் கட்டி, அதிகபட்சம் 180 நாள் வேறு டிக்கெட் வாங்காமல் இருந்தால் வழக்கு தள்ளுபடி. ஆஜராகாத வழக்கை, மற்ற இரண்டும் ஒழுங்காக முடிகிறது என்றால், அரசு வக்கீல் கைவிடுவதுண்டு. கேட்டால்தான். எல்லாம் கூடிவந்தால் மூன்றில் ஒன்றிலும் தீர்ப்பு இல்லாமல் வெளியே வரலாம், 1,100 டாலரைக் கட்டிவிட்ட பிறகு இதில் எதையும் பேச முடியாது.

ஜன்னலில் கிளார்க்கிடம் பேசும்போது இதை மட்டும் சொல்லுங்கள்: என் பெயரில் வாரன்ட் இருப்பது இப்போதுதான் தெரிந்தது, சரிசெய்ய நானாக வந்திருக்கிறேன், நீதிபதியைப் பார்க்க வேண்டும், வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வேகமாகப் போனது ஏன், பையனுக்கு அன்று பரீட்சை என்ற கதையெல்லாம் அங்கே வேண்டாம். பணம் கட்டச் சொன்னால், இது அபராதமா, பாண்ட் தொகையா, அதாவது ஆஜராவதற்கான பிணைப் பணமா, என்று கேளுங்கள். பாண்ட் என்றால் வாரன்ட் போய்விடும், வழக்கு உயிரோடு இருக்கும், புதுத் தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதிக்கும் போகாவிட்டால் பாண்ட் பணத்தையே அபராதமாக எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுவார்கள், ஜாக்கிரதை. பாண்ட் போட்டாலே ஆம்னி தடையை நீக்கவும் வழி இருக்கிறது, வழக்குக்கு 10 டாலர் கட்டணம் கேட்பார்கள், கோர்ட் தகவல் அனுப்பி மாநிலக் கணினியில் ஏறச் சில நாள் பிடிக்கும்.

ரீகால் ஆனதும் அதை எழுத்தில் வாங்கிக் காரில் வையுங்கள். கோர்ட்டின் கணினி மாறியதும் ரோட்டில் நிற்கும் போலீஸின் கணினியும் அந்த நிமிடமே மாறிவிடும் என்று நம்ப வேண்டாம்.

வக்கீல் வேண்டுமா என்றால், உங்கள் வழக்குக்கு அவசியம் என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வையுங்கள், போக்குவரத்து வழக்குகளையே தொழிலாக வைத்திருப்பவர்கள் தங்கள் பாண்டைப் போட்டு, நீங்கள் நேரில் போகாமலே வாரன்டை எடுத்துவிடுவார்கள். கோர்ட் இலவச வக்கீல் கொடுக்காது, அது சிறை வாய்ப்புள்ள வழக்குகளுக்குத்தான். ஆங்கிலத்தில் நீதிபதியிடம் பேசத் தயக்கம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை உண்டு, பெரும்பாலும் ஃபோன் வழியாகத்தான் வருவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விசாரணை வரை போவது என்று நீங்கள் முடிவு செய்தால் ஒரு வேக டிக்கெட்டுக்குக்கூட ஆறு பேர் கொண்ட ஜூரியைக் கேட்கலாம், அதையும் சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பணம் பிரச்சினை இல்லை என்றாலும், இதைப் படிக்கும் மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. கையில் காசில்லை என்பதால் கோர்ட்டைத் தவிர்க்காதீர்கள். ஹூஸ்டனில் ஒருவர் 425 டாலர் போக்குவரத்து அபராதம் கட்ட வழியில்லாமல் 85 நாள் உழைப்புப் பண்ணைக்கு அனுப்பப்பட்டார், டேட் எதிர் ஷார்ட் என்ற அந்த வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம், ஏழை என்ற ஒரே காரணத்துக்காக அபராதத்தைச் சிறையாக மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. இல்லாதவருக்குத் தவணை, சமூக சேவை, குறைப்பு, முழுத் தள்ளுபடி எல்லாம் நீதிபதி கையில் இருக்கிறது. எழுதிக் கேட்க வேண்டும்.

டிக்கெட் திருட்டுக்கானது என்றால்

இது உங்களுக்கல்ல, ஆனால் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வரவர அதிகமாகின்றன, அதனால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். செல்ஃப் செக்கவுட்டில் நான்கு பொருளை ஸ்கேன் செய்யாமல் விட்டதாகக் கடைக்காரர் போலீஸைக் கூப்பிட, வந்த போலீஸ்காரர் உங்கள் கையில் ஒரு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். 100 டாலருக்குக் குறைவான பொருள் என்றால் டெக்சஸில் அதுவும் கிளாஸ் சி, அதே நகர கோர்ட், அதே ஜன்னல், அதே ஆன்லைன் பொத்தான். பார்க்க வேக டிக்கெட் மாதிரியே இருக்கும். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் திருட்டு ஒழுக்கக்கேடான குற்றம், அதற்குத் தீர்ப்பு ஏறினால் விசா, கிரீன் கார்டு எல்லாவற்றிலும் கேள்வி வரும். சிறு குற்றம் ஒன்றே ஒன்று இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான், அதை நம்பிக் கட்டிவிட்டு அப்புறம் தூதரக ஜன்னலில் விளக்கிக்கொண்டிருப்பது வேறு அனுபவம். டிஃபர்டு வாங்கி வழக்கு தள்ளுபடியாகிவிட்டாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டோ எதிர்க்காமல் விட்டோ அதற்கு ஏதாவது கட்டுப்பாட்டை நீதிபதி விதித்திருந்தால், குடியேற்றத் துறை அதைத் தண்டனை பெற்றதாகவே எடுத்துக்கொள்ள முடியும். வேக டிக்கெட்டுக்கு இது பொருட்டில்லை, திருட்டு டிக்கெட்டுக்கு இதுதான் எல்லாமே. அப்படி ஒன்று கையில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கட்டாமல், குற்றவியலும் குடியேற்றமும் தெரிந்த வக்கீலிடம் முதலில் போக வேண்டும். செலவுதான். பரவாயில்லை.

டிசம்பர் பயணம்

நாட்டை விட்டுக் கிளம்பும்போது இந்த அளவு வாரன்டுக்காக யாரும் தடுக்கப்போவதில்லை என்று நண்பர் சொல்வது பெரும்பாலும் நடப்பதுதான். அபராத வகை நகர வாரன்டுகள் பொதுவாகத் தேசியப் பட்டியலில் ஏறுவதும் இல்லை. ஆனால் "பெரும்பாலும்" என்பதை வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது குழந்தையோடு டாலஸின் டிஎஃப்டபிள்யூ ஏர்போர்ட்டில் தனி அறையில் உட்காரும் அபாயத்தை ஏன் எடுக்க வேண்டும், இரண்டு மாதம் கையில் இருக்கிறதே.

விசா விண்ணப்பமான டிஎஸ்-160 கேட்பது, நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருக்கிறதா என்று. வேக டிக்கெட்டால் விசா மறுப்பு வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் டிசம்பருக்குள் ரோட்டில் இந்த வாரன்டில் உங்களைப் பிடித்து ஸ்டேஷனில் விரல் ரேகை எடுத்தால், அந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க நீங்கள் ஆம் என்று எழுதி, காகிதங்களை இணைத்து, விளக்கம் சொல்ல வேண்டும். தானாகப் போய் ரீகால் வாங்கினால் கைதுக்காக அந்த ஆம் தேவைப்படாது. பின்னால் கிரீன் கார்டுக்கு ஐ-485 நிரப்பும்போது கேள்வி இன்னும் அகலமானது, டிக்கெட் வாங்கியதையும் சேர்த்தே கேட்கிறது, அங்கே மறைக்காதீர்கள். மூன்று வழக்கும் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் கோர்ட் முத்திரையிட்ட முடிவுச் சான்று இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ஸ்கேன் செய்து வையுங்கள். சின்ன ஊர் கோர்ட்டுகள் பழைய கோப்புகளைச் சில வருடத்தில் அழித்துவிடும், அப்போது போய் நின்றால் "ரெக்கார்ட் இல்லை" என்று ஒரு கடிதம்தான் கிடைக்கும்.

திங்கட்கிழமை காலை முதல் வேலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன். கடிதம் இமெயிலில் வந்ததும் கோர்ட்டைக் கூப்பிட்டு, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் நீதிபதியைப் பார்க்கும் நாள் எது என்று கேட்டு, அன்றே கணவரை லீவு போடச் சொல்லுங்கள். டிஃபர்டு கொடுத்து 180 நாள் என்றால் கெடு டிசம்பரைத் தாண்டும், அதனால் பயணம் தடைப்படாது, ஊரில் இருக்கும்போது ஏதாவது காகிதம் தாக்கல் செய்ய வேண்டிய தேதி வருகிறதா என்று மட்டும் அன்றே கிளார்க்கிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறை கோர்ட்டில் கொடுக்கும் முகவரி புது வீட்டினுடையதாக இருக்கட்டும்.